பூட்டு வேறு, பூட்டுக் கோப்பு வேறு

ஒரே நிரல் ஒரே சமயத்தில் இரண்டாக ஓடிவிடாமல் தடுப்பது பற்றிக் கேட்டவர்களுக்கு ஒன்றாக விடை எழுதுகிறேன். ‘நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு அடையாளமாக நிரல் வைக்கும் கோப்புதான் பூட்டுக் கோப்பு. ஒருவரைத் தவிர எல்லோரும் லினக்ஸ்காரர்கள்.

கேள்வி: வணக்கம் சார். தரவுத்தள நகல் எடுக்கும் ஷெல் நிரல் ஒன்று இருக்கிறது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான் அதை ஓட்டும். நிர்வாகப் பக்கத்தில் உள்ள ‘இப்போதே நகலெடு’ பொத்தானும் ஓட்டும். பூட்டுக் கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மட்டும் உருவாக்கிவிட்டுத் தொடரும்படி எழுதினேன். அப்படியும் இரண்டு ஓடி, நகல் கெட்டுப்போனது. எப்படி?

பதில்: யாரோ அந்தப் பொத்தானை இரட்டைச் சொடுக்காக அழுத்தியிருப்பார்கள். பார்ப்பது ஒரு வேலை, உருவாக்குவது இன்னொரு வேலை. முதல் நிரல் பார்க்கிறது, கோப்பு இல்லை. அது உருவாக்கி முடிப்பதற்குள் இரண்டாவதும் பார்த்துவிடுகிறது, அதற்கும் கோப்பு இல்லை. இரண்டும் உள்ளே நுழைந்துவிடும்.

பார்ப்பதும் உருவாக்குவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக இருக்க வேண்டும். ஷெல்லில் அடைவை (கோப்புறையை) உருவாக்கும் ‘எம்கேடிர்’ கட்டளை அப்படித்தான்: அடைவு ஏற்கெனவே இருந்தால் தோற்றுவிடும், ஒருவருக்குத்தான் வெற்றி. சி மொழியில் கோப்பைத் திறக்கும்போது ‘ஓ_கிரியேட்’, ‘ஓ_எக்ஸ்கிளு’ என்ற இரண்டு கொடிகளையும் சேர்த்துக் கொடுத்தால் அதே பலன். ஆனால் இந்த வழியைப் பின்பற்றுவதற்கு முன் அடுத்த கேள்வியையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: ஐயா, நான் ‘எம்கேடிர்’ வழியில்தான் செய்திருந்தேன். ஒரு நாள் நினைவகம் போதாமல், இயங்குதளத்தின் மையமான கெர்னலே என் நிரலைக் கொன்றுவிட்டது. அடைவு அப்படியே கிடந்தது. பதினொரு நாள் நகலே எடுக்கப்படவில்லை. முடியும்போது அழிக்கும்படி ‘டிராப்’ (நிரல் முடியும்போதோ சிக்னல் வரும்போதோ ஓடும் கட்டளை) எழுதியிருந்தேனே?

பதில்: நினைவகம் தீரும்போது கெர்னல் அனுப்புவது, நிரலை உடனே கொல்லும் 9ஆம் சிக்னல். அதை எந்த ‘டிராப்’பாலும் பிடிக்க முடியாது.

கூட்டமான பஸ்ஸில் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். துண்டுக்காரர் மனம் மாறி வீட்டுக்குப் போய்விட்டாலும் துண்டு அங்கேயே கிடக்கும்; மற்றவர்கள் நின்றுகொண்டே வருவார்கள். உங்கள் அடைவு அந்தத் துண்டு.

ஓடும் நிரலுக்குக் கெர்னல் தரும் பிராசஸ் எண்ணைக் கோப்புக்குள் எழுதி வைத்து, அந்த எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது பழைய மருந்து. ஆனால் பிராசஸ் எண்கள் ஒரு சுற்று முடிந்தால் மறுபடி பயன்படும். லினக்ஸில் பழைய இயல்பு எல்லை 32768தான். உங்கள் எண்ணை இன்று வேறொரு நிரல் வைத்திருக்கலாம். நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் கன்டெய்னருக்குள் இன்னும் வேடிக்கை. மறுபடி தொடங்கும் நிரலுக்குப் பெரும்பாலும் அதே 1ஆம் எண்தான் கிடைக்கும். பழைய கோப்பில் 1 என்று இருக்கும். ‘1 உயிரோடு இருக்கிறதா?’ என்று கேட்டால் இருக்கிறது, அது தானேதான். ஏற்கெனவே யாரோ ஓடுகிறார்கள் என்று தன்னையே பார்த்துச் சொல்லிவிட்டு வெளியேறிவிடும்.

எனவே இடத்தில் ஆளே உட்காரட்டும். யூட்டில்-லினக்ஸ் தொகுப்பில் ‘எஃப்லாக்’ என்ற கட்டளை உண்டு. கிரான் வரியில் முதலில் எஃப்லாக், பிறகு ‘-என்’, பிறகு பூட்டுக் கோப்பின் பெயர், பிறகு உங்கள் நிரல், அவ்வளவுதான். பூட்டைக் கெர்னல் வைத்துக்கொள்ளும். நிரல் எப்படிச் செத்தாலும், மின்சாரமே போனாலும் பூட்டு தானாக விடுபடும். ‘-என்’ கொடுக்காவிட்டால் இரண்டாவது நிரல் வெளியேறாமல் காத்து நிற்கும்; காலையில் வந்து பார்த்தால் நாற்பது நிரல்கள் வரிசையில் நிற்கும்.

கேள்வி: எஃப்லாக்குக்கு மாறிவிட்டேன், நன்றி. வேலை முடிந்த பிறகும் அந்தக் கோப்பு வெற்றுக் கோப்பாகக் கிடக்கிறது. கடைசி வரியில் அழித்துவிடட்டுமா?

பதில்: வேண்டாம். இந்த அழகுணர்ச்சியால் நானே ஒரு முறை மாட்டிக்கொண்டு, ஒரே கட்டண அறிவிப்பு மின்னஞ்சலை வாடிக்கையாளர்களுக்கு இரண்டு முறை அனுப்பியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். ‘அ’ பூட்டை வைத்திருந்தது. ‘ஆ’ அதே கோப்பைத் திறந்து பூட்டுக்காகக் காத்திருந்தது. ‘அ’ கோப்பை அழித்துவிட்டு வெளியேறியது. ‘ஆ’வுக்குப் பூட்டு கிடைத்தது, ஆனால் அதன் கையில் இருப்பது பெயரை இழந்துவிட்ட பழைய கோப்பு. இப்போது ‘இ’ வருகிறது. அந்தப் பெயரில் கோப்பு இல்லாததால் புதிதாக ஒன்றை உருவாக்கி அதைப் பூட்டுகிறது. பூட்டு ஒட்டியிருப்பது கோப்பின் பெயரோடு இல்லை, ஐநோடோடு, அதாவது பெயருக்குப் பின்னால் இருக்கும் உண்மையான கோப்போடு. இரண்டு ஐநோடு, இரண்டு பூட்டு, இரண்டு நிரல். வெற்றுக் கோப்பு எந்த இடத்தையும் அடைக்கவில்லை, கிடந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: அண்ணா, உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் ‘ஏபிடி’ கட்டளையை ஓட்டினால் பூட்டு கிடைக்கவில்லை என்று ‘லாக்-ஃபிரன்ட்எண்ட்’ கோப்பைக் காட்டி நிற்கிறது. இணையத்தில் எல்லோரும் அதை அழிக்கச் சொல்கிறார்கள்.

பதில்: மேலே சொன்னதையே மறுபடி படியுங்கள். பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும். கோப்பை அழித்தால் அது நிற்காது. நீங்களும் உள்ளே நுழைந்து இருவருமாகத் தொகுப்புப் பட்டியலைக் குதறுவீர்கள். டீ குடித்துவிட்டு வாருங்கள். அரை மணி நேரம் ஆகியும் விடவில்லையென்றால், ‘ஃப்யூசர்’ கட்டளைக்கு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும்.

கேள்வி: என் நிரல் முடிந்துவிட்டது, ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் ‘பிஎஸ்’ஸில் பெயரே இல்லை. ஆனாலும் எஃப்லாக் பூட்டு விடுபடவில்லை. கெர்னல் தானாக விடும் என்றீர்களே?

பதில்: உங்கள் நிரல் பின்னணியில் வேறு எதையோ தொடங்கிவிட்டுப் போயிருக்கிறது. திறந்த கோப்பின் கைப்பிடி பிள்ளை நிரலுக்கும் வாரிசாகப் போகும். பிள்ளை உயிரோடு இருக்கும் வரை பூட்டும் இருக்கும். எஃப்லாக்குக்கு ‘-ஓ’ கொடுத்தால் கட்டளையை ஓட்டுமுன் கைப்பிடியை மூடிவிடும்.

கேள்வி: பைத்தானில் நேர் எதிர்ப் பிரச்சினை. ஒரு ஃபங்ஷனுக்குள் கோப்பைத் திறந்து பூட்டினேன். பூட்டு நிற்கவே இல்லை.

பதில்: ஃபங்ஷன் முடிந்ததும் உள்ளூர் மாறி போய்விட்டது, பைத்தான் கோப்பை மூடிவிட்டது, பூட்டும் போய்விட்டது. கோப்புப் பொருளைத் திருப்பி அனுப்பி, நிரல் முடியும் வரை ஒரு மாறியில் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: இரண்டு சர்வர்கள். இரண்டில் ஒன்று மட்டும் இரவு வேலையைச் செய்ய வேண்டும். என்எஃப்எஸ் பகிர்வில் (வலையமைப்பு வழியாக இரண்டும் பயன்படுத்தும் பொது அடைவில்) பூட்டுக் கோப்பு வைக்கலாமா?

பதில்: லினக்ஸ் 2.6.12 முதல் என்எஃப்எஸ் மேலும் எஃப்லாக் வேலை செய்கிறது. ஆனால் இடையில் வலையமைப்பு அறுந்தால் பூட்டு யாரிடம் இருக்கிறது என்ற வழக்கு தொடங்கும். நான் அந்தப் பக்கம் போவதில்லை. இரண்டு சர்வரும் ஒரே தரவுத்தளத்தோடு பேசுகின்றன என்றால் அதையே நடுவராக வையுங்கள். போஸ்ட்கிரெஸில் அட்வைசரி லாக் உண்டு, மைஎஸ்க்யூஎல்லில் ‘கெட்_லாக்’ உண்டு. இணைப்பு அறுந்தால் பூட்டும் விடுபடும்.

கேள்வி: விண்டோஸில்?

பதில்: கோப்பே வேண்டாம். பெயரிட்ட மியூடெக்ஸ் (இயங்குதளமே வைத்துக்கொள்ளும் பூட்டு) ஒன்றை உருவாக்குங்கள். ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று பிழை எண் வந்தால் வெளியேறிவிடுங்கள்.

கேள்வி: பூட்டுக் கோப்பை ‘டெம்ப்’ அடைவில் வைத்திருக்கிறேன். சரிதானே சார்?

பதில்: அந்த இயந்திரத்தில் நீங்கள் மட்டும்தான் என்றால் சரி. பலர் இருந்தால், அதே பெயரில் யார் வேண்டுமானாலும் முந்திக்கொண்டு கோப்பை உருவாக்கிப் பூட்டி வைக்கலாம். உங்கள் வேலை என்றைக்கும் ஓடாது. ரூட் (நிர்வாகி) வேலை என்றால் ‘/ரன்’ அடைவில் வையுங்கள், இல்லையென்றால் உங்கள் ஹோம் அடைவில்.