ஆடிக்காற்றுக்குச் சாயாத மாடிப் பந்தல்

கேள்வி: கோவையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மொட்டைமாடியில் வடக்குக் கைப்பிடிச் சுவரோரம் ஆறடி நீளம், மூன்றடி அகலத்துக்கு இடம் இருக்கிறது. போன ஆடியில் குரோ பேகுகளில் பாகல், புடலை, கொடி அவரை போட்டு, பைக்குள்ளேயே மூங்கில் நட்டு நைலான் வலை கட்டினேன். கொடி தலைக்கு மேல் வளர்ந்த சமயம் அடித்த காற்றில் வலை, கம்பு, பை எல்லாமே சாய்ந்துவிட்டன. தளத்தில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார். இந்த முறை எப்படி அமைப்பது?

பதில்: காய் கனத்துப் பந்தல் விழுந்துவிடுமோ என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். உங்கள் மூன்று கொடிகளிலும் காயின் எடை ஒரு பொருட்டே இல்லை. சாய்த்தது காற்று. இலை மூடிய வலை படகின் பாய் மாதிரி காற்றை வாங்கும். அதிலும் கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் ஆனி, ஆடிக் காற்று லேசுப்பட்டதல்ல. தென்னை நார்க்கழிவும் தொழுவுரமும் கலந்த மண்கலவை கம்பை இறுக்கிப் பிடிக்காது. காய்ந்துவிட்டால் பையிலும் எடை இருக்காது. ஆகவே பைக்குள் கம்பு நடுவதை விட்டுவிடுங்கள். பந்தல் தனியாக நிற்கட்டும், பை அதன் காலடியில் இருக்கட்டும்.

இரண்டு கால் நட்டு நடுவில் வலை கட்டினால், துளை போடாத தளத்தில் அது நிற்காது. நான்கு கால் வேண்டும். 20 லிட்டர் பெயின்ட் வாளி நான்கு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஏழடி ஜிஐ குழாயை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நேராக நிறுத்திப் பாதி வரை கான்கிரீட் போடுங்கள். ஒரு அங்குலக் குழாய் போதும். பாதி வாளியே ஏறத்தாழ 24 கிலோ வரும். முழுக்க நிரப்பினால் ஒவ்வொன்றும் 45 கிலோவைத் தாண்டிவிடும். தளத்துக்கும் சுமை, வீடு மாறும்போது உங்கள் முதுகுக்கும் சுமை. வாளிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ வரும் ஓரமாக வையுங்கள். நான்கு கால்களையும் மேலே குறுக்குக் குழாய்களால் இணைத்து கிளாம்பு போட்டு முடுக்குங்கள். மாடிப்படி அறையின் ஜன்னல் கம்பியோ சுவர்க் கொக்கியோ எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கிருந்து ஒரு இழுகயிறும் கொடுத்துவிடலாம். பிவிசி குழாய் மலிவுதான், ஆனால் வெயிலில் வளையும், நாளடைவில் நொறுங்கும். நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

உங்கள் இடம் கிழக்கு மேற்காக நீண்டிருப்பது நல்லதாகப் போயிற்று. மேற்குக் காற்று பந்தலின் நீளவாக்கில் கடந்துவிடும். பக்கவலையையும் அதே வாக்கில், சுவர்ப் பக்கம் மட்டும் கட்டுங்கள். மேற்கு முகத்தைத் திறந்தே விடுங்கள்; இலை அடர்ந்து அதை மூடப் பார்த்தால் கழித்துவிடுங்கள்.

அப்புறம், எந்தக் கொடிக்கு எது பிடிமானம் என்று பார்க்க வேண்டும். பாகலும் புடலையும் பற்றுச்சுருளால் ஏறுபவை. இளம் சுருளின் நுனி ஒரு நூலைத் தொட்டதும் அதைச் சுற்றிக்கொள்ளும். பிடித்த பிறகு நடுப்பகுதி ஸ்பிரிங் போல முறுக்கிக்கொண்டு கொடியை அருகே இழுக்கும். உற்றுப் பாருங்கள், பாதி வரை ஒரு பக்கமாகவும் மீதி எதிர்ப்பக்கமாகவும் முறுக்கியிருக்கும். காற்றில் அது நீண்டு சுருங்குவதால்தான் கொடி அறுந்துபோவதில்லை. இந்தச் சுருளால் தடித்த குழாயைப் பிடிக்க முடியாது. மெல்லிய கயிறுதான் தோது. வலையின் கண் நாலு முதல் ஆறு அங்குலம் இருக்கட்டும். சின்னக் கண்ணாக இருந்தால் பிஞ்சு உள்ளே மாட்டி அங்கேயே பருத்துவிடும், பறிக்கக் கையும் நுழையாது.

அவரைக்குப் பற்றுச்சுருள் கிடையாது. தண்டே சுற்றிச் சுற்றி மேலே ஏறும். அதற்கு வலையே தேவையில்லை, மேலிருந்து தொங்கும் நான்கு தேங்காய் நார்க் கயிறுகள் போதும். சொரசொரப்பாக இருப்பதால் தண்டு வழுக்காது. இன்னொரு விஷயம், ஆடியில் போடும் நாட்டுக் கொடி அவரை பனிக்காலத்தில்தான் நன்றாகப் பூக்கும். பாகலும் புடலையும் நான்கைந்து மாதத்தில் முடிந்த பிறகும் அது பந்தலில் இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பின்னவிட்டால் பிறகு பிரித்தெடுக்கவே முடியாது. அவரைக்குக் கிழக்கு மூலையைத் தனியாக ஒதுக்குங்கள்.

புடலையின் காய் அந்தரத்தில் தொங்க வேண்டும். பக்கவலையில் காய்த்தால் வலையில் இடித்து வளைந்துவிடும். அதனால் அதைப் பந்தலின் மேல்கூரைக்கு ஏற்றிவிடுங்கள். காயின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடும் பழைய வழக்கம் நீளப் புடலைக்குச் சரி. மாடிக்கு கோ 2 போன்ற குட்டைக் காய் ரகம் போட்டால் அந்த வேலையும் மிச்சம்.

பாகல், புடலை இரண்டையும் பந்தல் கூரையை எட்டும் வரை ஒற்றைத் தண்டாக விட்டு, பக்கக் கிளைகளைக் கிள்ளிக்கொண்டே வாருங்கள். எட்டியதும் நுனியைக் கிள்ளினால் கூரையில் கிளை பிரிந்து படரும். பெண்பூக்கள் அந்தக் கிளைகளில் கூடுதலாக வரும். முதலில் வருபவை வெறும் ஆண்பூக்கள்தான், உதிர்கிறதே என்று கவலைப்படாதீர்கள். இளம்தண்டைக் கட்ட வாழைநாரோ பழைய வேட்டித் துணியோ எடுத்து, விரல் நுழையும் தளர்ச்சியில் கட்டுங்கள். கட்டுக்கம்பி தண்டை அறுத்துவிடும்.

பாகல், புடலைக்குப் பைக்கு ஒரு செடி, பை 15 அங்குலத்துக்குக் குறையாமல். விதை ஊன்றும் முன்பே பந்தல் தயாராகிவிட வேண்டும். வளர்ந்த கொடிக்கு நடுவே குழாய் நிறுத்தினால் பாதிக் கொடி ஒடிந்துபோகும். வலைக்குப் பதில் கூரை முழுக்க நார்க்கயிறே கட்டினால் இன்னும் நல்லது. பருவம் முடிந்ததும் நைலான் வலையிலிருந்து காய்ந்த கொடியைப் பிய்த்துக்கொண்டு உட்கார வேண்டாம், கயிறோடு அறுத்து மக்குக் குழியில் போட்டுவிடலாம்.