கம்ப்யூட்டருக்குள்ள கடல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சித்திரையில வெதுவெதுன்னு இருந்த கடல் ஆனி ஆடியில கால வச்சா சில்லுனு இருக்கு, சாளையும் அப்பதான் நல்லா படுது. இத எல்லாம் ஹைதராபாத்ல உக்காந்துகிட்டே கம்ப்யூட்டர்ல போட்டு பாத்துடறாங்கன்னு என் பையன் சொல்றான், நெசமா? - ஒரு வாசகர், குளச்சல்

பதில்: பையன் சொல்றது பாதி சரி. முதல்ல அந்த சில்லு எங்கேந்து வருதுன்னு பாத்துடுவோம். காத்து ஒரு பக்கம் தள்ளினா மேல் தண்ணி அதே பக்கம் நேரா போகாது, பூமி சுத்தறதால நம்ம வடகோளத்துல வலது பக்கம் ஒதுங்கி போகும். வடதுருவப் பக்கம் நான்சென்னு ஒரு நார்வேகாரர் பனிக்கட்டி இப்படி ஒதுங்கி மிதக்கறத கவனிச்சாரு, ஏக்மன்னு ஒரு சுவீடன் விஞ்ஞானி 1905-ல அதுக்கு கணக்கு போட்டு காட்டினாரு. இப்ப உங்க ஊருக்கு வாங்க. தென்மேற்கு பருவத்துல குமரி முனையில மேற்கேந்து காத்து பிச்சிகிட்டு அடிக்கும், அதுக்கு வலது பக்கம்னா தெற்கு, அதாவது கரைய விட்டு வெளிய. மேல் தண்ணி அப்படி விலகிப் போக, அந்த எடத்த நிரப்ப அடியிலேந்து குளிர்ந்த தண்ணி ஏறி வருது. அது சும்மா வராது, கீழ மக்கிக் கெடந்த உரத்தையெல்லாம் தூக்கிகிட்டு வரும், வெயில் பட்டதும் கண்ணுக்கு தெரியாத நுண்பாசி பெருகும், சாளையும் நெத்தோலியும் பின்னாடியே வந்துடும்.

இதத்தான் கம்ப்யூட்டர்ல கட்டறாங்க. கடல குட்டி குட்டி பெட்டியா வெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் தண்ணியோட வேகம், சூடு, உப்பு மூணையும் வச்சுகிட்டு, பக்கத்து பெட்டிக்கு எவ்வளவு போச்சு எவ்வளவு வந்துச்சுன்னு சில நிமிஷத்துக்கு ஒரு தடவ கணக்கு போட்டுகிட்டே இருக்கணும். ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ்ங்கற மத்திய அரசோட கடல் தகவல் மையத்துல இதுக்கு ரோம்ஸ்னு ஒரு மாடல ஓட்டறாங்க, அமெரிக்க பல்கலைக்கழகங்கள்ல உருவானது. எனக்கு அதுல ரொம்ப பிடிச்ச விஷயம், மேலேந்து கீழ வரைக்கும் பெட்டிங்கள வைக்கற அதோட அடுக்குங்க கடல் தரை எப்படி வளையுதோ அப்படியே கூட வளையும். 40 அடுக்கு வச்சீங்கன்னா 20 மீட்டர் ஆழத்துல ஒவ்வொன்னும் சராசரியா அரை மீட்டர் கனம், 2000 மீட்டர் ஆழத்துலயும் அதே 40 தான், ஆனா ஒவ்வொன்னும் 50 மீட்டர். கரையோரத்துல நுணுக்கமா வேணும், நடுக்கடல்ல அவ்வளவு வேண்டாம், ரெண்டுக்கும் சேத்து ஒரே ஏற்பாடு! பெட்டிய பாதியா சின்னதாக்கினா வேலை ரெண்டு மடங்குன்னு நெனைக்காதீங்க, நீளத்துல ரெண்டு, அகலத்துல ரெண்டு, நேரத்தையும் பாதியாக்கணும்கறதால அதுல ஒரு ரெண்டு, ஆக எட்டு மடங்கு.

பையன் தப்பு பண்ற எடம் மீன் விஷயம்தான். உங்களுக்கு வர்ற "மீன் கெடைக்கும் எடம்" தகவல் முக்கியமா சாட்டிலைட் பாத்து சொல்றது, தண்ணியோட சூடும் பச்சை நிறமும் எங்க சட்டுனு மாறுதுன்னு பாக்கறாங்க, மேகம் மூடிட்டா அந்த எடம் தெரியாது. ஆனி ஆடியில மேகத்துக்கு பஞ்சமா என்ன. போதாததுக்கு ஜூன் 1-லேந்து ஜூலை 31 வரைக்கும் உங்க பக்கம் விசைப்படகுக்கு தடைக்காலம் வேற. இன்னொன்னு, அடியிலேந்து ஏறி வர்ற தண்ணியில ஆக்சிஜன் கம்மி, அது கரைப்பக்கம் வந்து தங்கிட்டா தரையோட ஒட்டி வாழற மீனும் எறாலும் எடத்த காலி பண்ணிடும். அதனால சில்லுனு இருந்தாலே எல்லா மீனும் படும்னு கணக்கு போட முடியாது.

கேள்வி: மீன் முட்டையும் குஞ்சும் நீவாட்டுல (நீரோட்டத்துல) அடிச்சிகிட்டு போயிடாதா? அதுங்க போற வழிய கம்ப்யூட்டர் சொல்லுமா? - ஒரு மாணவி, தூத்துக்குடி

பதில்: சொல்லும், ஆனா அந்த குஞ்சோட பழக்கவழக்கம் என்னன்னு நாம முதல்ல அதுக்கு சொல்லிக் குடுக்கணும். மாடல் குடுக்கற நீரோட்டத்துல ஆயிரக்கணக்குல புள்ளிங்கள விட்டு ஒவ்வொன்னும் எங்க போகுதுன்னு பாப்பாங்க. அந்த புள்ளிங்கள மேலாக்கயே மிதக்க விட்டா, மேல சொன்ன காத்து மொத்தத்தையும் நடுக்கடலுக்கு இழுத்துட்டு போயிடும், அப்ப கரையில ஒரு குஞ்சு கூட மிஞ்சக் கூடாதே? நெசத்துல நெறைய குஞ்சுங்க பகல்ல கீழ எறங்கி ராத்திரி மேல வருது, கீழ ஓடற தண்ணி கரைய பாத்து வர்றதால போனதுல கொஞ்ச தூரத்த திரும்பி வந்துடுது. இந்த ஒரு பழக்கத்த சேத்தாலே மேப்பு மொத்தமா மாறிடும். சிங்கிறால் குஞ்சு மாசக்கணக்குல மிதக்கற ஜாதி, அதுக்கு வழி போடறது இன்னும் தலைவலி. என்னைக் கேட்டா தண்ணி கணக்கு ஓரளவுக்கு கைக்கு வந்துடுச்சு, உயிரோட கணக்குதான் இன்னும் வழுக்குது.

கேள்வி: 2025-ல கொச்சி பக்கம் கப்பல் முழுகினதுக்கு எங்க கரையில பிளாஸ்டிக் மணி ஏன் ஒதுங்குச்சு? - ஒரு வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: எம்எஸ்சி எல்சா 3-ங்கற அந்த கப்பல் முழுகினது மே 25-ம் தேதி, பருவமழை அப்பதான் தொடங்கியிருந்துச்சு. அந்த காலத்துல மேற்குக் கரையோட நீவாடு வடக்கேந்து தெக்க ஓடும், கேரளாவ தாண்டினா அடுத்து நீங்கதான். கப்பல்லேந்து விழுந்து மெதக்கற கண்டெய்னருங்க எங்க போகும்னும் அப்ப இதே மாதிரி கணக்கு போட்டுத்தான் பாத்தாங்க. எந்த மாவட்டம்ங்கற வரைக்கும் அது சொல்லிடும். ரெண்டு கிலோமீட்டர் பெட்டியில உங்க ஊர் தூண்டில் வளைவு (அலைய தடுக்க கடலுக்குள்ள போட்ட கல் சுவர்) ஒரு புள்ளியா கூட தெரியாது, அதனால வளைவுக்கு இந்தப்பக்கமா அந்தப்பக்கமான்னு தெரியணும்னா கரையிலேந்து வலை இழுக்கற உங்க ஊர் கரமடிக்காரங்களத்தான் கேக்கணும்.