ஏற்காட்டுக்குச் சைக்கிளில் ஒன்பது பேர்: எங்கே பிரிவது, எங்கே நிற்பது?

கேள்வி: சேலத்தில் நாங்கள் ஒன்பது நண்பர்கள் ஞாயிறுதோறும் சைக்கிளில் 40, 50 கிலோமீட்டர் போய்வருகிறோம். எல்லாம் சமவெளிதான். வயது 24 முதல் 52 வரை. அடுத்த மாதம் ஒரே நாளில் ஏற்காடு போய்த் திரும்ப ஆசை. நான்கு பேர் மலை ஏறியதே இல்லை. இருவரிடம் கியர் இல்லாத சைக்கிள். குழு சிதறாமல் ஏறி இறங்க வழி சொல்லுங்கள்.

பதில்: ஏற்றத்தில் குழு சிதறத்தான் செய்யும். சிதறாமல் ஏறுவது என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள்.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏரி வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அதற்குள் ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். நூறு மீட்டர் போனால் ஐந்து மீட்டர் உயர்கிறீர்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். விடாமல் 150 வாட் திறனில் மிதிப்பவர் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் மேலே போய்விடுவார். 100 வாட்தான் முடியும் என்பவருக்கு இரண்டரை மணி நேரம் தாண்டும். சமவெளியில் இந்த வித்தியாசம் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. அங்கே எதிர்ப்பது காற்று. முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் பின்னால் வருபவர் சிரமமின்றி வந்துவிடலாம். மணிக்கு எட்டு கிலோமீட்டரில் ஊரும் ஏற்றத்தில் அந்தச் சலுகை கிடையாது. அவரவர் எடையை அவரவரே தூக்க வேண்டும். மெதுவானவர் மானத்துக்காக முன்னவரைத் துரத்தினால் பாதி மலையிலேயே காலி.

ஆகவே பிரிந்து ஏறுங்கள். சேருமிடத்தை மட்டும் வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். சேலம் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது இதற்கு வசதி. ஐந்து, பத்து, பதினைந்து, இருபது என்று வைத்துக்கொள்ளலாம். வளைவிலேயே நிற்காதீர்கள், அதைத் தாண்டிச் சாலை ஓரம் அகலமாக இருக்கும் இடத்தில், தார்ச்சாலையை விட்டு இறங்கி நில்லுங்கள். அடுத்தது, எல்லாக் குழுக்களும் செய்யும் ஒரு கொடுமை. முதலில் வந்தவர்கள் இருபது நிமிடம் ஓய்வெடுத்துவிட்டு, கடைசி ஆள் தலை தெரிந்ததும் “வந்துவிட்டார், கிளம்பலாம்” என்று ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்கு ஓய்வே இருக்காது. கிளம்பலாம் என்று சொல்லும் உரிமை கடைசியாக வந்தவருக்கு மட்டும்தான் என்று விதி வையுங்கள். அவருக்கும் பின்னால், பம்பும் மாற்று டியூபும் வைத்துக்கொண்டு, உங்களில் நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவர் வர வேண்டும். உங்கள் 24 வயதுக்காரர் முதலில் போய் மார்தட்டுவதைவிட இந்த வேலை அவருக்குப் பொருத்தம்.

கியர் விஷயம். முன்னால் பெடலோடு சுழலும் பல்சக்கரத்திலும் பின் சக்கரத்தின் பல்சக்கரத்திலும் பல் எண்ணிக்கை ஏறத்தாழச் சமமாக இருக்கும் கியர் ஒன்றாவது வேண்டும். அதில் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். இந்த ஏற்றத்தில் அதற்கு 100 வாட் போதும். முன்னால் 42 பல், பின்னால் 28 பல் என்றால் அதே 60 சுற்றுக்கு 150 வாட்டுக்கு மேல் கேட்கும். அந்தத் திறன் இல்லாதவர் இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதிப்பார். மறுநாள் முழங்கால் கணக்குக் கேட்கும். கியர் இல்லாத இரண்டு சைக்கிள்களை இந்தப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். ஏறும்போது தள்ளிக்கொண்டாவது போகலாம். இறங்கும்போது அவற்றின் பிரேக்கை நம்பச் சொல்ல எனக்குத் துணிவில்லை. நண்பர்களிடம் கியர் சைக்கிள் இரவல் வாங்குங்கள்.

உங்கள் கேள்வியில் இறக்கத்துக்கு ஒரு சொல்தான் இருந்தது. என் கவலையெல்லாம் அங்கேதான். ஏறிச் சேர்த்த ஆற்றல் முழுவதும் இறங்கும்போது காற்றிலும் பிரேக்கிலும்தான் தீர வேண்டும். பயந்துபோய் இருபது கிலோமீட்டரும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே வந்தால் ரிம் கொதிக்கும். என் முதல் மலை இறக்கத்தில் நான் செய்தது அதுதான். பின் டியூப் வெடித்த சத்தத்தில் எதிரே வந்த ஸ்கூட்டர்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். நல்ல வேளை, அது முன் சக்கரமில்லை. டிஸ்க் பிரேக் இருந்தாலும் விதிவிலக்கில்லை. விடாமல் பிடித்தால் அதுவும் சூடேறிப் பிடிமானம் குறையும்.

நேரான பகுதியில் சைக்கிளைக் கொஞ்சம் ஓட விடுங்கள். வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். முன் பிரேக்தான் அதிகம் வேலை செய்யும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், வெடுக்கென்று பிடிக்காமல் இருந்தால் போதும். வளைவுக்குள் நுழைந்ததும் பிடியைத் தளர்த்தி, வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்து, பார்வையைச் சாலை திரும்பும் திசையில் வையுங்கள். பஸ் ஹார்ன் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்றுவிடுங்கள். கொண்டை ஊசி வளைவில் திரும்பும் பஸ்ஸுக்குச் சாலையின் முழு அகலமும் தேவைப்படும். மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பதும் நினைவிருக்கட்டும். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் அரை நிமிட இடைவெளி விட்டுக் கிளம்புங்கள். முன்னால் போகிறவர் நிதானமானவராக இருக்கட்டும், அவரை யாரும் முந்தக் கூடாது. பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் புறப்படும் வாரத்திலேயே மாற்றுங்கள். அந்தச் செலவில் கஞ்சம் வேண்டாம்.

இன்னொரு மலைப்பாதையான குப்பனூர் வழியாக இறங்கினால் வண்டிகள் குறைவு, காட்சியும் அழகு என்று யாராவது ஆசை காட்டுவார்கள். முதல் முறை அது வேண்டாம். ஏறிய பாதையிலேயே இறங்கினால் எந்த வளைவில் ஜல்லி சிதறிக் கிடக்கிறது என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் காலை ஐந்து மணிக்கு விளக்குகளுடன் சேலத்திலிருந்து கிளம்பி, சுற்றுலா வண்டிகள் ஏறத் தொடங்கும் முன் பாதி மலையைத் தாண்டிவிடுங்கள். மே மாதக் கோடை விழா நாட்களில் அந்தப் பக்கமே வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முந்தின நாள் கனமழை பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இதே பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது.

மேலே சேலத்தைவிட ஆறு, ஏழு டிகிரி குளிராக இருக்கும். வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கினால் விரல்கள் விறைத்து, பிரேக் பிடிக்கவே வராது. காற்றைத் தடுக்கும் மேற்சட்டை இல்லையென்றால் ஏற்காட்டில் ஒரு நாளிதழ் வாங்கி, படித்த பிறகு மடித்துச் சட்டைக்குள் நெஞ்சுப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் பந்தய வீரர்களின் பழைய உத்தி அது.

52 வயது நண்பர் முன்கூட்டியே மருத்துவரைப் பார்த்துவிடட்டும். ஏறும்போது யாருக்கு நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தாலும் பயணம் அங்கேயே முடிந்தது. கீழே ஒரு குட்டி யானைக்காரரிடம் பேசி வைத்து, அவருடைய தொலைபேசி எண்ணை ஒன்பது பேரின் கைப்பேசியிலும் பதிந்துகொள்ளுங்கள்.

சாப்பாடு எளிது. புறப்படும் முன் இரண்டு இட்லி, ஏறும்போது முக்கால் மணிக்கு ஒருமுறை வாழைப்பழமோ கடலை மிட்டாயோ, ஆளுக்கு இரண்டு புட்டி தண்ணீர், ஒன்றில் உப்பும் சர்க்கரையும் கலந்து. ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜியை வேண்டாம் என்று சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை. ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இறங்கும்போது வயிறு மடங்கியிருக்கும். வாழைப்பழத்தை ஹேண்டில்பாரில் பையில் தொங்கவிடாதீர்கள். வழியில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். எட்டு கிலோமீட்டர் வேகத்தில் வருபவரிடமிருந்து பையைப் பறிப்பது அவற்றுக்கு வேலையே இல்லை.