எந்தப் பக்கம் போறது? கல்லூரி மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

சென்னை ஓஎம்ஆரில் பேக்எண்ட், அதாவது ஆப்புக்குப் பின்னால் சர்வரில் ஓடும் பகுதியை எழுதும் வேலை பார்க்கிறேன். காலேஜ் முடித்து வருகிறவர்களை இன்டர்வியூ எடுப்பதும் என் தலையில்தான். வந்த கேள்விகளுக்கு அங்கே பார்த்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டு சிஎஸ்இ, திருச்செங்கோடு: அக்கா, ஃபுல் ஸ்டாக், டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி, இதுல எதுக்கு ஸ்கோப் அதிகம்? ஆறு மாசமா மாத்தி மாத்திப் பாத்துட்டிருக்கேன்.

மூன்றிலும் வேலை இருக்கிறது தம்பி. அன்றாடம் என்ன செய்வீர்கள் என்பதுதான் வேறு. ஃபுல் ஸ்டாக் என்றால் திரையில் தெரிவதையும் பின்னால் சர்வரில் ஓடுவதையும் சேர்த்தே எழுதுவது. டேட்டா பக்கம் போனால் பாதி நாள் எஸ்க்யூஎல்லில் (டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் மொழி) போகும்: காலியாகக் கிடக்கும் கட்டங்கள், நாலு விதமாக எழுதிய தேதி, ஒரே ஆள் மூன்று பெயரில். செக்யூரிட்டியில் புதியவர்கள் பலர் நுழைவது எஸ்ஓசி, அதாவது கம்பெனியின் நெட்வொர்க்கை நாள் முழுக்கக் கண்காணிக்கும் மையம் வழியாக. ஷிஃப்ட் போட்டு அலர்ட் பார்க்கணும், ராத்திரி ஷிஃப்டும் வரும். இதில் எது உங்களுக்குச் சலிக்காது?

இதை இப்போதே முடிவு பண்ணவும் வேண்டாம். ஒரு ப்ரோகிராமிங் மொழி, எஸ்க்யூஎல், கிட் (கோடில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), லினக்ஸ் இவை எல்லாவற்றுக்கும் பொது. கூடவே ஒரே ஒரு ப்ராஜெக்டை அடிவரை தோண்டுங்கள். லைப்ரரி மேனேஜ்மென்ட் ப்ராஜெக்ட் இல்லாத ரெஸ்யூமே அபூர்வம். அதில் நான் கேட்பது இதுதான்: ஒரு புத்தகம்தான் மிச்சம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால்? "முதல்ல இருக்கான்னு செக் பண்ணுவேன் மேம்" என்பார்கள். செக் பண்ணும்போது இரண்டு பேருக்குமே "இருக்கு" என்றுதானே வரும்! "எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல இருந்தா மட்டும் குறைன்னு ஒரே அப்டேட்ல எழுதுவேன்" என்று யாராவது சொன்னால் நிமிர்ந்து உட்காருவேன். அது யூடியூப் பார்த்து காப்பி அடித்த ப்ராஜெக்ட் இல்லை.

மூன்றாம் ஆண்டு இசிஇ, திருநெல்வேலி: கேம்பஸுக்கு ஐடி கம்பெனிகள்தான் வருது. எனக்கு விஎல்எஸ்ஐ, அதாவது சிப் டிசைன் பக்கம் போக ஆசை. வர்ற ஆஃபரை வேணாம்னு சொல்லிடலாமா?

சொல்லாதீங்க. சேரும் முன் பாண்ட் (இத்தனை வருடம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) இருக்கா என்று மட்டும் படித்துப் பாருங்கள். விஎல்எஸ்ஐ வேலைகள் அதிகம் இருப்பது பெங்களூரிலும் ஹைதராபாத்திலும்தான்; சென்னையிலும் உண்டு. ஆனால் நம் ஊர்க் கல்லூரிகளைத் தேடி அவர்கள் வருவது குறைவு, நாம்தான் போய்க் கதவைத் தட்டணும். டிசைன் என்றே நிற்காமல், அந்த டிசைன் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் வெரிஃபிகேஷனையும் பாருங்கள். அதற்கு சிஸ்டம்வெரிலாக் மொழியும், அதில் சோதனை எழுதும் யுவிஎம் முறையும் வேணும். எழுதியதை ஓடவிட ஐகாரஸ் வெரிலாக், வேவ்ஃபார்ம் பார்க்க ஜிடிகேவேவ், இரண்டும் இலவசம். ஒரு ஃபிஃபோ (முதலில் வந்த டேட்டா முதலில் வெளியே போகும் வரிசை) எழுதி, அது நிரம்பிய பிறகும் எழுதினால் என்ன ஆகிறது என்று வேவ்ஃபார்மில் பாருங்கள். ஹோல்டு வயலேஷன் (கிளாக் அடித்த உடனேயே டேட்டா மாறிவிடும் பிழை) ஏன் கிளாக்கைக் குறைத்தாலும் போகாது என்று பேப்பரில் படம் போட்டுச் சொல்ல முடிகிறதா? இல்லையென்றால் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் புத்தகத்துக்கே திரும்பணும்.

எம்.டெக் எண்ணம் இருந்தால் கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். ஸ்கோர் 3 வருடம் செல்லும்.

பி.எஸ்ஸி கணிதம் முதலாண்டு, கும்பகோணம்: நாங்க இன்ஜினியரிங் இல்லையே அக்கா, எங்களுக்கு வழி இருக்கா?

இருக்கும்மா. நிகழ்தகவும் லீனியர் அல்ஜீப்ராவும் உங்களுக்குப் பாடத்திலேயே வருகிறது. அதை பைத்தானில் போட்டுப் பழகணும், அவ்வளவுதான். சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜேஇஇ வேண்டாம், அவர்களே வைக்கும் தகுதித் தேர்வு போதும். இப்போது படிக்கும் டிகிரியோடு சேர்த்தே படிக்கலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் வாராவாரம் அசைன்மென்ட் கழுத்தைப் பிடிக்கும், சும்மா சேர்ந்து வைக்கலாம் என்று நினைக்காதீங்க.

ஒரு மாணவரின் அப்பா, சேலம்: பையன் ஒரு லட்சம் கட்டி கோர்ஸ் சேரணுங்கிறான். வேலை உறுதின்னு சொல்றாங்களாம்.

ஐயா, அந்த "உறுதி"யை எழுத்தில் கேளுங்கள்: எந்த வேலை, என்ன சம்பளம், கிடைக்காவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும். பதில் குழைந்தால் விட்டுவிடுங்கள். ஐஐடிகளின் ஆன்லைன் பாடங்களான என்பிடெல்லை இலவசமாகவே பார்க்கலாம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். கல்லூரியில் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் என்ன கோர்ஸ் ஓடுகிறது என்றும் பையனை விசாரிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கட்டுகிற பணமாக இருந்தால், என் பதில் வேண்டாம் என்பதுதான்.

இறுதியாண்டு ஐடி, மதுரை: ரெண்டு அரியர் இருக்கு. டெஸ்டிங் போனா அங்கேயே மாட்டிக்குவோம்கிறாங்க.

முதலில் அரியரை முடிங்க. நிறைய கம்பெனிகளில் அது இருந்தால் விண்ணப்பமே உள்ளே போகாது. டெஸ்டிங்கைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் நல்ல டெஸ்டரோடு வேலை செய்ததில்லை. போன் நம்பர் கட்டத்தில் முன்னால் ஒரு ஸ்பேஸ் விட்டுப் போட்டால் ஓடிபி வராமல் போவதைக் கண்டுபிடிக்கிற கண் எல்லோருக்கும் இருக்காது. கையால் மட்டும் சோதித்துக்கொண்டே இருந்தால்தான் தேங்கிப் போவீர்கள். சோதனையைத் தானாக ஓடவைக்கும் செலினியமோ ப்ளேரைட்டோ வேலையில் சேர்ந்த முதல் வருடத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

முதலாண்டு, பெயர் வேண்டாம்: ஏஐ வந்த பிறகு கோடிங் படிக்கணுமா? லேப்டாப் என்ன வாங்கலாம்?

படிக்கணும். அது எழுதித் தருவதில் எது தப்பு என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் சம்பளம். முதல் செமஸ்டர் மட்டும் அதைத் தொடாமல் நீங்களே எழுதிப் பாருங்கள். லேப்டாப்புக்கு 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி போதும். காசு பத்தாவிட்டால் 8 ஜிபி வாங்குங்கள், ஆனால் பின்னால் ரேம் கூட்டிக்கொள்கிற மாடலா என்று கடையில் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.