கும்பகர்ணன் வாய்மூடி இருக்கவில்லை

கேள்வி: என்னைப் படிக்க வைத்தவர் அண்ணன். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டுக்கு உயில் எழுதாமலே போய்விட்டார். அம்மாவும் இல்லை. கணவரை இழந்த அக்காவிடம், "உனக்குத்தான் சீர் செய்தாயிற்றே" என்று வீட்டுப் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கப் போகிறார் அண்ணன். நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். தப்பு என்று தெரிகிறது. இதைப் பற்றி அவரிடம் நான் பேசியதில்லை. தத்துவம் படித்தவன் நான். விளைவைப் பார்த்தால் வீடணன் செய்தது சரி. ஜெர்மன் தத்துவஞானி கான்ட் சொல்லும் கடமையைப் பார்த்தால் கும்பகர்ணன் செய்தது சரி. நான் கும்பகர்ணன் பக்கம். சரிதானே?

பதில்: "அவரிடம் நான் பேசியதில்லை" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்குக் கண்ணில் பட்டது அது ஒன்றுதான்.

கம்பனின் கும்பகர்ணன் பேசாமலா செத்தான்? மந்திர சபையில் எல்லோரும் இருக்கும்போதே, மானத்தைப் பேசிக்கொண்டு காமத்தைப் பேணுகிறாய் என்று ராவணன் முகத்துக்கு நேரே சொன்னவன் அவன். போருக்காக எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தியபோதும், சானகியின் துயரம் இன்னும் தீரவில்லையா என்றுதான் கேட்டான். அவளை விட்டுவிடு, ராமனைப் பணி, தம்பி வீடணனோடு சேர்ந்துகொள், பிழைக்க அதுதான் வழி என்றான். ராவணன் சீறி, எழுந்து போ என்று விரட்டினான். அதற்குப் பிறகுதான் கும்பகர்ணன் சூலத்தை எடுத்தான். அப்போதும் விடவில்லை, நான் செத்தால் அந்தப் பெண்ணையாவது விட்டுவிடு என்று கேட்டுவிட்டுத்தான் களத்துக்குப் போனான்.

வீடணனும் சொல்லிப் பார்த்தவன்தான். இரணியன் கதையையே எடுத்து விரித்து அண்ணனை எச்சரித்தான். அண்ணன் துரத்திய பிறகுதான் வெளியேறினான். இருந்தவனும் பேசினான், போனவனும் பேசினான். நீங்கள் இரண்டு பேரில் யாரும் இல்லை.

கான்ட்டையும் பாதியில் விட்டுவிட்டீர்கள். மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்று 1785-இல் எழுதியவரும் அவரேதான். அக்கா யோசித்து, விரும்பி விட்டுக்கொடுத்தால் அது அவர் இஷ்டம். கேட்க நாதியில்லை என்பதால் போடும் கையெழுத்து விருப்பம் ஆகாது. அதற்குச் சாட்சி நின்றால் நீங்களும் அவரைக் கருவியாக்குகிறீர்கள். உயில் இல்லாத அப்பாவின் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்பது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். சீர் செய்த கணக்கை வைத்து அதைக் கழிக்க முடியாது. இது அக்காவுக்குத் தெரியுமா? யாராவது சொன்னீர்களா?

அண்ணனுக்கு நீங்கள் கடன்பட்டவர்தான், மறுக்கவில்லை. தம்பியைப் படிக்க வைத்த அண்ணனை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அந்தக் கடனை உங்கள் பங்கிலிருந்து அடைத்துவிடுங்கள். அக்காவின் பங்கிலிருந்து அடைக்க உங்களுக்கு என்ன உரிமை? வளர்த்தவர் தப்பான வழியில் போகும்போது தடுத்துச் சொல்வதும் அந்த நன்றியில் சேர்ந்ததுதான். உடன்பிறந்தவள் தனியாக நிற்கும்போது தம்பி சும்மா இருப்பதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அண்ணி, பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து அண்ணனிடம் போங்கள். குரலை உயர்த்த வேண்டாம். "அக்கா பங்கை அக்காவுக்குக் கொடுத்துவிடலாம் அண்ணா, இந்தப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார், படிக்க வைத்ததைச் சொல்லிக் காட்டுவார். கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போய், சட்டம் என்ன சொல்கிறது என்பதை அவரிடம் விளக்குங்கள்.