நாட்டின் பாதுகாப்புக்காக அரசு என் போனை ஒட்டுக்கேட்டால் என்ன தவறு?

கேள்விக்குக் கீழே நண்பர் இரண்டு வரி சேர்த்திருக்கிறார்: "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்? மும்பை மாதிரி இன்னொரு தாக்குதல் நடக்காமல் இருக்குமென்றால் என் போனைக் கேட்டுவிட்டுப் போகட்டுமே."

இதற்கு ஒரே வார்த்தையில் "கேட்கவே கூடாது" என்று பதில் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான் கிரிமினல் பக்கம் பிராக்டிஸ் செய்யும் வக்கீல். ஒட்டுக்கேட்ட பேச்சை வைத்துப் போட்ட வழக்குகளில் ஆஜராகியிருக்கிறேன், அந்த உத்தரவுகளைக் கட்டோடு படித்திருக்கிறேன். சிலருடைய போனை அரசு கேட்கத்தான் வேண்டியிருக்கும். என் சண்டையெல்லாம் அந்த உத்தரவில் கையெழுத்துப் போடுவது யார், போட்டது சரியா என்று அப்புறம் பார்ப்பது யார் என்பதில்தான்.

முதலில் மும்பை. 2008 நவம்பர் 26 இரவு தாஜ், ஓபராய், நாரிமன் ஹவுஸ் மூன்று இடங்களிலும் உள்ளே இருந்தவர்களுக்குப் பாகிஸ்தானிலிருந்து போனில் கட்டளை வந்துகொண்டே இருந்தது. மும்பை பயங்கரவாதத் தடுப்புப் படை அந்த எண்களைப் பிடித்துப் பேச்சைப் பதிவு செய்தது. கசாபின் தூக்குத் தண்டனையை 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது, சதி எல்லைக்கு அப்பால் இருந்து நடத்தப்பட்டது என்பதற்கு அந்தப் பதிவுகள் முக்கியமான ஆதாரமாக நின்றன. இதை மறுப்பவர் யாரும் இல்லை. ஆனால் அன்று கேட்டது குறிப்பிட்ட சில எண்களை. ஊரில் உள்ள எல்லோருடைய போனையும் அல்ல. எல்லோருடையதையும் வாரி எடுத்த அமெரிக்கா என்ன கண்டது? அமெரிக்க உளவு அமைப்புக்காக வேலை பார்த்த ஸ்னோடென் இதை 2013இல் வெளியிட்ட பிறகு, அந்த நாட்டின் தனியுரிமை மேற்பார்வை வாரியம் கோடிக்கணக்கான அழைப்பு விவரங்களைச் சேர்த்து வைத்த திட்டத்தை ஆராய்ந்தது. பயங்கரவாத விசாரணை ஒன்றின் முடிவை இந்தத் திட்டம் மாற்றியது என்று சொல்ல ஓர் உதாரணம்கூட இல்லை என்று 2014 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அடுத்த ஆண்டு அந்தத் திட்டத்துக்குச் சட்டம் போட்டு முடிவு கட்டினார்கள்.

சரி, நம் ஊர்ச் சட்டத்துக்கு வருவோம். இந்தியாவில் சமீப காலம் வரை ஒட்டுக்கேட்புக்கு அடிப்படையாக இருந்தது 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம். வெள்ளைக்காரன் போட்டதுதான், ஆனாலும் அதன் 5(2) பிரிவில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு, இந்த இரண்டில் ஒன்று இருந்தால்தான் அரசு அந்த அதிகாரத்தின் பக்கமே போக முடியும். நாட்டின் இறையாண்மை, அயல்நாட்டு உறவு போன்ற காரணங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். இணையத்துக்கான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவில் இந்த இரண்டு நிபந்தனைகளும் இல்லை. "எந்தக் குற்றத்தின் விசாரணைக்கும்" என்ற சொற்களும் சேர்ந்துகொண்டன. அந்தத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2008 டிசம்பரில். மும்பை தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பெரிதாக விவாதமும் நடக்கவில்லை. பயந்துபோன நேரத்தில் போடும் சட்டங்களுக்கு இதுதான் வழக்கம்.

ஒட்டுக்கேட்புக்கு நடைமுறை விதி என்று ஒன்று வந்ததற்கே ஒரு வழக்கு தேவைப்பட்டது. அரசியல்வாதிகளின் போன்கள் ஒட்டுக்கேட்கப்பட்டது பற்றிய சிபிஐ அறிக்கை 1991இல் பத்திரிகையில் வெளியானது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 டிசம்பரில் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு, உள்துறைச் செயலாளர்தான் உத்தரவு போட வேண்டும், அது இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, ஒரு மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும் என்றெல்லாம் வரையறுத்தது. நீதிபதியின் முன் அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் ஏற்கவில்லை. அதைச் சட்டம் இயற்றுபவர்கள்தான் செய்ய வேண்டும் என்று விட்டுவிட்டது. அந்த வழிகாட்டுதல்கள் 2007இல் 419ஏ என்ற விதியாக வந்தன. 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம், 2024 டிசம்பரில் புதிய விதிகள். எண்ணும் பெயரும் மாறின, எலும்புக்கூடு அதேதான்.

அந்த எலும்புக்கூட்டைக் கொஞ்சம் பாருங்கள். உளவு அமைப்புகளான ஐபி, ரா, புலனாய்வு அமைப்பான சிபிஐ போன்றவை அனுமதி கேட்கின்றன. மத்தியில் என்றால் உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போடுகிறார். மறுஆய்வுக் குழுவில் அமைச்சரவைச் செயலாளர், சட்டத் துறைச் செயலாளர், தொலைத்தொடர்புச் செயலாளர். மாநிலத்தில் தலைமைச் செயலாளர் தலைமையில் இதே மாதிரி ஒரு குழு. அனுமதி கேட்பவர், கொடுப்பவர், சரிபார்ப்பவர் எல்லோருமே அரசு அதிகாரிகள்தான். ஒரு நீதிபதியோ எதிர்க்கட்சிக்காரரோ வெளியாளோ எங்கேயும் கிடையாது. வரவு செலவை எழுதின கணக்குப்பிள்ளையே தணிக்கையும் செய்கிற கதைதான்.

இதில் அதிகாரிகளின் நேர்மையை நான் சந்தேகிக்க வேண்டிய அவசியமே இல்லை. எண்ணிக்கை ஒன்றே போதும். தரவுப் பாதுகாப்புச் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய அரசே அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு, 2018 அறிக்கையில் இதைத் தொட்டது. மறுஆய்வுக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் அதன் முன்னால் 15,000 முதல் 18,000 உத்தரவுகள் இருக்கும். இது நடக்காத காரியம் என்று எழுதியது. மாதம் 7,500 முதல் 9,000 உத்தரவு வரை மத்திய அரசு போடுகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த பதில்தான் இதற்கு அடிப்படை. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று செயலாளர்களும் டீ குடிக்கக்கூட எழுந்திருக்காமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 28,800 விநாடி. 18,000 உத்தரவு என்றால் ஒன்றுக்கு இரண்டு விநாடிகூட இல்லை. பெயரைப் படிப்பதற்கே அது போதாது. கையெழுத்துப் போடும் உள்துறைச் செயலாளர் பக்கத்திலும் இதே நெருக்கடிதான்: வேலை நாளுக்கு முந்நூறுக்கும் மேல். காவிரி, காஷ்மீர், தேர்தல் பாதுகாப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இதையும் அவர் மனம் வைத்துப் படிக்கிறார் என்று நம்புவதற்கு ரொம்பப் பெரிய மனசு வேண்டும்.

நடைமுறை எவ்வளவு மெலிதாக இருக்கிறது என்பதற்கு அமர்சிங் வழக்கைத்தான் நான் எப்போதும் சொல்வேன். அப்போது சமாஜ்வாதி கட்சியின் பெரிய தலைவர். 2005இல் அவருடைய போன் ஒட்டுக்கேட்கப்பட்டது. தொலைபேசி நிறுவனத்துக்கு வந்த கடிதங்கள் போலி என்று பிறகு தெரிந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தில் இருந்த பிழைகளைச் சுட்டிக்காட்டி, இவ்வளவு தப்பும் தவறுமாக ஓர் அரசுக் கடிதம் வந்தால் நிறுவனம் சரிபார்த்திருக்க வேண்டாமா என்று கேட்டது. (உண்மைகளை மறைத்தார் என்று அமர்சிங்கின் மனுவையும் தள்ளுபடி செய்தது, அது வேறு கதை.) ஒரு தேசியத் தலைவரின் போனையே போலிக் கடிதத்தில் கேட்க முடிந்தது என்றால் நீங்களும் நானும் எம்மாத்திரம்?

பேச்சைக் கேட்பதற்காவது உள்துறைச் செயலாளர் வேண்டும். யார் யாரோடு எப்போது எத்தனை நிமிடம் பேசினார், எந்த டவரின் கீழ் இருந்தார் என்கிற சிடிஆர் விவரத்துக்கு அதுவும் வேண்டாம், போலீஸ் அதிகாரியின் கோரிக்கையே போதும். 2013இல் பாஜக தலைவர் அருண் ஜேட்லியின் சிடிஆரை எடுக்க முயன்ற விவகாரத்தில் தில்லி போலீஸ் கான்ஸ்டபிளே கைதானார். அதற்குப் பிறகுதான் எஸ்பி அந்தஸ்துக்குக் குறையாதவர்கள் மட்டுமே கேட்கலாம் என்று இறுக்கினார்கள். இறுக்கியும் என்ன? சில வருடம் முன்பு விவாகரத்து விஷயமாக ஒருவர் என்னிடம் வந்தார். பையிலிருந்து ஒரு கற்றைத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். மனைவியின் ஆறு மாத சிடிஆர், டவர் இடத்தோடு. "தெரிஞ்ச ஆள் மூலமா வாங்கினேன் சார், காசு கொஞ்சம் ஆச்சு" என்றார், ரேஷன் கடையில் வரிசையில் நிற்காமல் சர்க்கரை வாங்கிவிட்ட பெருமையோடு. அதைத் தாக்கல் செய்தால் முதலில் உள்ளே போவது நீங்கள்தான் என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பெண் எந்தத் தேசத்துக்கு எதிராகவும் எதுவும் செய்யவில்லை. பயங்கரவாதியைப் பிடிப்பதற்கென்று சேர்த்து வைக்கச் சொன்ன விவரம், சந்தேகப் புத்தியுள்ள ஒரு கணவனின் பைக்குள் வந்துவிட்டது. "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்" என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தத் தாள் கற்றைதான்.

எது தப்பு என்று முடிவு செய்வது நாம் இல்லை என்பது இன்னொரு விஷயம். 2002 மார்ச்சில் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியபோது வைகோவின் கட்சி ஆளும் கூட்டணியில் இருந்து அதை ஆதரித்தது. அதே ஆண்டு ஜூலையில், திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக அதே பொடாவில் அவர் கைதானார். பத்தொன்பது மாதம் வேலூர் சிறை. அவருடைய அரசியலை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமல் போகலாம். பயங்கரவாதிக்கு என்று சொல்லிப் போட்ட சட்டம் நான்கே மாதத்தில் ஒரு மேடைப் பேச்சின் மேல் வந்து விழுந்தது.

தனியுரிமை அடிப்படை உரிமைதான் என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். அதில் தலையிட வேண்டுமென்றால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சிய அளவில் தலையீடு போகக் கூடாது. பெகாசஸ் என்ற உளவு மென்பொருளை இங்குள்ளவர்களின் போன்களில் புகுத்தினார்கள் என்ற புகார் மீதான வழக்கில் 2021 அக்டோபரில், தேசப் பாதுகாப்பு என்று சொன்ன மாத்திரத்தில் நீதிமன்றம் விலகிக்கொள்ளாது என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்து அது அமைத்த குழு 29 போன்களைப் பார்த்தது; ஐந்தில் ஏதோ தீங்கான மென்பொருள் இருந்தது, பெகாசஸ்தானா என்று உறுதியாகவில்லை, அரசு ஒத்துழைக்கவில்லை. வார்த்தை அழகாக இருந்தது, கையில் எதுவும் வரவில்லை.

எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தந்தது நம் சென்னை உயர் நீதிமன்றம்தான். 2011இல் ஒரு லஞ்ச வழக்கில் சிபிஐக்காக மத்திய உள்துறை போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை 2025 ஜூலையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். குற்றத்தைத் துப்பறிவது பொது நெருக்கடியும் ஆகாது, பொதுப் பாதுகாப்பும் ஆகாது. அதோடு, பதிவுகளை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவே இல்லை. எனவே அந்தப் பேச்சை வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்றார். வெளியாளுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். முறைகேடாக எடுத்த ஆதாரமாக இருந்தாலும் வழக்குக்குப் பொருத்தமாக இருந்தால் ஏற்கலாம் என்பது 1970களிலிருந்தே நம் நீதிமன்றங்களின் போக்கு. விதியை மீறினாலும் பேச்சு செல்லும் என்றால் விதியை எவன் மதிப்பான்? ஆனால் அதற்குச் சில நாள் முன்னால்தான் தில்லி உயர் நீதிமன்றம், பெரிய தொகை சம்பந்தப்பட்ட அரசு ஒப்பந்த ஊழல் பொதுப் பாதுகாப்புக்குள் வரும் என்று சொல்லியிருந்தது. ஒரே சொல்லுக்கு இரண்டு ஊரில் இரண்டு அளவு. உச்ச நீதிமன்றம்தான் தீர்க்க வேண்டும்.

நீதிபதியின் ஒப்புதலும் வேண்டும் என்று நான் சொன்னால், "நீதிபதியிடம் போய் நின்றால் அதற்குள் குண்டு வெடித்துவிடும்" என்று பதில் வரும், தெரியும். அவசரத்துக்கு இப்போதுள்ள விதியிலேயே வழி இருக்கிறது: அமைப்பின் மூத்த அதிகாரியே கேட்கத் தொடங்கலாம், மூன்று வேலை நாளில் தெரிவித்து ஏழு வேலை நாளில் ஒப்புதல் வாங்கினால் போதும். பிரிட்டனில் 2016 சட்டப்படி அமைச்சர் கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு நீதித்துறை ஆணையரும் ஒப்ப வேண்டும். அவசரம் என்றால் முதலில் கேட்டுவிட்டு மூன்று வேலை நாளுக்குள் அவரிடம் போகலாம். அந்த நாட்டுக்கும் குண்டுவெடிப்பு தெரியும், லண்டன் 2005இல் பார்த்ததுதான். நீதிபதி கையெழுத்து எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கண்காணிப்பு மனுக்களைப் பார்க்கும் அமெரிக்காவின் ரகசிய நீதிமன்றம் வந்த மனுவை எல்லாம் அனுமதிக்கும் என்ற பேரைத்தான் வாங்கியிருக்கிறது. ஆனால் கேள்வி கேட்கக்கூடிய வெளியாள் ஒருவர் படிப்பார் என்று தெரிந்தால் மனுவை எழுதும் அதிகாரி காரணத்தைக் கொஞ்சம் யோசித்து எழுதுவார். நான் பார்த்த உத்தரவுகள் பலவற்றில் காரணம் என்ற இடத்தில் சட்டப் பிரிவின் வாசகத்தையே திருப்பி எழுதியிருந்தார்கள்.

ஜெர்மனியில் இன்னொன்று உண்டு. கண்காணிப்பு முடிந்து, சொன்னால் விசாரணை கெடாது என்ற நிலை வந்ததும், "உங்களைக் கண்காணித்தோம்" என்று சம்பந்தப்பட்டவருக்கே தெரிவிக்க வேண்டும். அவர் நீதிமன்றம் போகலாம். இங்கே வழக்குப் போட்டால்தான் தெரியும். வழக்கே போடாமல் ஆறு மாதம் கேட்டுவிட்டு அழித்துவிட்டால் சாகும்வரை தெரியாது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்பீர்கள். ஒருவர் கேட்டார். தர வேண்டியதில்லை என்று 2023இல் தில்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்புறம், கருத்துப் பகுதியில் ஒருவர் *#21# அடித்தால் போன் ஒட்டுக்கேட்கப்படுகிறதா என்று தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தார். வாட்ஸ்அப்பில் பல வருடமாகச் சுற்றும் செய்தி அது. உங்களுக்கு வரும் அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பி விடப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும்தான் அது காட்டும். அரசு கேட்பது தொலைபேசி நிறுவனத்தின் பக்கத்தில், உங்கள் கைபேசியில் அல்ல. அடித்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்க வேண்டாம்.