தாத்தாவின் இழைப்புளி

அன்புள்ள ஐயா,

பரணை ஒழித்தபோது தாத்தாவின் தச்சுப்பெட்டி கிடைத்தது. இரண்டு உளிகள், ஒரு மர இழைப்புளி, ஓர் இரும்பு இழைப்புளி. இரும்பில் ‘ரெக்கார்டு’ என்றும் ‘04’ என்றும் இருக்கிறது. எல்லாம் துரு. பட்டறையில் கேட்டால், மெஷினில் பிடித்துப் பளபளவென்று தருகிறேன் என்கிறார்கள். வார்னிஷ் அடித்துக் கூடத்தில் வைக்கலாமா?

ரா.

அன்புள்ள ரா.,

மெஷினில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பல வருடங்களுக்கு முன் நான் ஓர் உளியை அப்படிக் கொடுத்தேன். பொறி பறந்தது, முனை நீலம் பாரித்தது. அவ்வளவுதான், பதம் போய்விட்டது. அப்புறம் எத்தனை முறை தீட்டினாலும் நாலு தட்டுக்குள் மழுங்கியது. நல்ல எஃகு. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கேட்காது.

உளிகளையும், இழைப்புளிகளிலிருந்து கழற்றிய வெட்டும் தகடுகளையும் ஒரு தட்டில் வினிகர் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் கம்பி நாரால் தேய்த்தால் துரு கறுப்புக் குழம்பாகக் கழன்று வரும். உடனே ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவிவிட வேண்டும். தாமதித்தால் கண்ணெதிரே திரும்பத் துரு பூக்கும். இரும்பு இழைப்புளியின் உடம்புக்கு மண்ணெண்ணெயும் கம்பி நாரும் போதும். அது வார்ப்பிரும்பு, கீழே விழுந்தால் உடையும். தகடு வெளியே வரும் வாயின் மூலைகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள்.

ரெக்கார்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊர்ச் சரக்கு. ஆனால் அமைப்பு அமெரிக்கரான லெனார்ட் பெய்லியுடையது. அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி கம்பெனி 1869இல் வாங்கியது. ஆக, இரண்டும் ஒரே அமைப்புத்தான். அதனால் உங்கள் தகடு தேய்ந்து போயிருந்தாலும் கவலை வேண்டாம். ஸ்டான்லி 4ஆம் நம்பரின் இரண்டு அங்குலத் தகடு பெரும்பாலும் அதில் உட்காரும்.

தீட்டும்போது எல்லோரும் சாய்வுப் பக்கத்தையே தேய்ப்பார்கள். முதலில் முதுகை, அதாவது தட்டையான மறுபக்கத்தைப் பாருங்கள். தடித்த கண்ணாடியில் வாட்டர் பேப்பரை ஒட்டி, முனையை ஒட்டிய ஓரங்குலம் முகம் தெரியும்வரை தேயுங்கள். அங்கே ஒரு துருக்குழி இருந்தால்கூட மரத்தில் கோடு விழும். அப்புறம் சாய்வு, 25லிருந்து 30 டிகிரிக்குள்.

மர இழைப்புளிக்கு வருகிறேன். இதில் உப்புத்தாள் படவே கூடாது. கை பிடிக்கும் இடம் கறுத்து, வழவழவென்று, லேசாகக் குழிந்திருக்கும், தடவிப் பாருங்கள். அத்தனை வருட வேர்வையும் உள்ளங்கையும் சேர்ந்து செய்த குழி அது. வார்னிஷுக்காக அதைத் தேய்த்தால் தாத்தாவைத் தேய்த்து எடுத்த மாதிரி. துணியில் ஆளிவிதை எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். தகட்டை இறுக்கும் ஆப்பு தளர்ந்திருந்தால் அதை மட்டும் புதிதாகச் செதுக்கிக்கொள்ளலாம்.

கூடத்தில் வைக்க வேண்டாம். ஒரு தேக்குத் துண்டைப் பிடித்து, நாரின் போக்கிலேயே தள்ளிப் பாருங்கள். முதல் சுருள் முழுசாக வந்ததும் எழுதுங்கள்.